சப்ளையர் ஆலோசனைக் குழு என்றால் என்ன, அதனால் என்ன பயன்?

ஒரு நிறுவனம் தனக்குப் பொருள் தருபவர்களில் சிலரை அவ்வப்போது அழைத்து, “எங்கள் வேலைமுறையில் என்ன குறை?” என்று மனம் திறந்து கேட்கும் ஏற்பாடு இது. போல்ட் தருபவர் பல தொழிற்சாலைகளைப் பார்க்கிறார். இரும்பு விலை ஏறப்போவதும், நம் பொருளின் வடிவமைப்பு வரைபடத்தில் வீண் செலவு எங்கே என்பதும் நமக்கு முன்பே அவருக்குத் தெரியும்.

வாசலுக்கு வரும் காய்கறிக்கார அம்மா, “அடுத்த வாரம் தக்காளி ஏறும், இன்றே வாங்கி வையுங்கள்” என்பார். பேரம் மட்டுமே பேசுபவரிடம் அதைச் சொல்ல மாட்டார்.

ஜப்பானில் டொயோட்டாவின் சப்ளையர்கள் 1943 முதல் ‘கியோஹோகாய்’ என்ற சங்கமாகக் கூடி, தரத்தையும் செலவையும் பற்றி ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள்.

பலரும் நினைப்பதுபோல் ஆலோசனைக் குழு விலையைக் குறைக்கும் கூட்டம் அல்ல. விலைப் பேச்சை இங்கே எடுத்தால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.