உங்கள் நோட்டில் 6-4-3 எத்தனை?

கேள்வி: கொரியாவில், டேகு நகரில் வேலை பார்க்கிறேன். 13 வயது மகன் இங்கே சிறுவர் பேஸ்பால் டீமில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நின்று பந்தைப் பிடிக்கிறவன்). எங்கள் ஊர் பேஸ்பால் அணி சாம்சங் லயன்ஸின் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்), முன்னாள் ஷார்ட்ஸ்டாப் பார்க் ஜின்-மான்தான் அவனுக்குத் தெய்வம். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரே கடைசியில் வெறும் கோச்சாகத்தானே போனார், இவன் என்ன ஆவான் என்று பயமாக இருக்கிறது. எல்லா மேட்சுக்கும் போய், அவன் விடுகிற பந்தையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். ஆனாலும் முன்னேற்றம் இல்லை. இப்போதெல்லாம் மேட்ச் முடிந்ததும் நண்பனின் அப்பா காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறான். பேஸ்பாலை நிறுத்திவிடலாமா?
– பெயர் வேண்டாம், டேகு

பதில்: முதலில் அந்த நோட்டை எடுங்கள், தம்பி. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், ஆனால் எனக்கு அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

பாட்டு, செஸ், நீச்சல், நீட் கோச்சிங் என்று கடிதங்களில் விஷயம் மாறும். ஓரமாக உட்கார்ந்து பிள்ளையின் தப்பை எண்ணுகிற அப்பா மட்டும் மாறுவதே இல்லை. அதிலும் பேஸ்பால், தப்பை ஊரறியப் பலகையில் போடுகிற ஆட்டம். ரன், ஹிட் பக்கத்திலேயே எரருக்கு, அதாவது தப்புக்கு, ஒரு கட்டம் உண்டு. ஸ்கோர் புத்தகத்தில் ஷார்ட்ஸ்டாப்பின் எண் 6. உங்கள் மகன் பந்தை விட்டால் 'ஈ6' (ஈ என்றால் எரர்) என்று எழுத அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் எதற்கு?

உங்கள் மகனின் தெய்வமும் பந்தை விட்டவர்தான். 2004 கொரியன் சீரிஸில், அதாவது அங்கத்திய லீக்கின் இறுதித் தொடரில், மூன்று ஆட்டங்கள் டிரா ஆகி, ஒன்பதாவது ஆட்டம் வரை இழுத்தது. சியோல் ஜம்சில் மைதானத்தில் மழை. பார்க் அப்போது ஆடிய ஹியுண்டாய் அணி, சாம்சங்கை ஜெயிக்க ஒரே ஒரு அவுட் பாக்கி. மேலே எழும்பி இறங்கிய சுலபமான பந்தை பார்க் நழுவவிட்டார். சாம்சங்குக்கு ஒரு ரன், 8-7. எப்படியோ அதோடு தப்பித்தார்கள். அந்தப் பந்தை எதிரே நின்று பார்த்த சாம்சங்தான் அடுத்த சீசனுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனது. 2006 கொரியன் சீரிஸின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான்.

பிறகு 2008, பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதி. கியூபாவை விடக் கொரியாவுக்கு 3-2 என்று ஒரு ரன் கூடுதல், கடைசி இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் கியூபா ஆள், ஒருவர் ஏற்கெனவே அவுட். கியூபாவின் குரியெல் அடித்த பந்து தரையோடு பார்க்கிடம் வருகிறது. எடுத்து இரண்டாவது பேஸுக்குத் தருகிறார், அங்கிருந்து முதல் பேஸுக்கு. ஓடி வந்தவர், அடித்தவர் இரண்டு பேரும் அவுட், மூன்று அவுட்டோடு ஆட்டம் முடிந்து கொரியாவுக்குத் தங்கம். இதை 6-4-3 என்று எழுதுவார்கள் (4 இரண்டாவது பேஸ்காரர், 3 முதல் பேஸ்காரர்). 'ஈ6'இல் இருக்கிற அதே 6. உங்கள் நோட்டில் 6-4-3 எத்தனை இருக்கிறது? ஒன்றுகூட இருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

'வெறும் கோச்' என்கிறீர்கள். இருபது சீசன், 1,993 ஆட்டங்கள் ஆடியவர், 2,000க்கு ஏழே ஏழு குறைய இருக்கும்போது நிறுத்திக்கொண்டு, 2016இல் கோச் வேலைக்குப் போனார். அப்புறம் சாம்சங்கில் கோச், இரண்டாம் அணிக்கு மேனேஜர், 2022 நடுவில் பெரிய அணிக்குத் தற்காலிகப் பொறுப்பு, அடுத்த வருஷம் முழு மேனேஜர். 2024இல் அணியைக் கொரியன் சீரிஸ் வரை கொண்டுபோனார் (கோப்பை கியா அணிக்குப் போனது). சொல்லிக்கொடுக்கிறவரை 'வெறும்' என்று சொல்கிற வாய் நம் வீடுகளில் எப்போது வந்ததோ, எனக்கு ஆகவே ஆகாது. பயிற்சியில் பையன் பந்தை விட்டால் கோச் என்ன செய்வார் தெரியுமா? கூடையிலிருந்து அடுத்த பந்தை எடுத்து அடிப்பார். அவர் கையில் மட்டை இருக்கும், பேனா இருக்காது.

பிள்ளையைப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டி வருவது அப்பன் வேலை. அதை இப்போது ஊரான் செய்கிறார், உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? பையன் மேலும் எனக்குக் கோபம்தான். அப்பா வந்து நிற்கும்போது இன்னொருவர் காரில் ஏறுவது மரியாதை இல்லை. ஆனால் அதை அவனிடம் கேட்கிற தகுதி, நோட்டு போன பிறகுதான் உங்களுக்கு வரும்.

நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். படிப்பு கெட்டால் தாராளமாக நிறுத்துங்கள். படிப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, அதனால் கெடவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அடுத்த மேட்சுக்குத் தண்ணீர் பாட்டிலும் துண்டும் போதும். முடிந்ததும் அந்த நண்பனையும் சேர்த்து உங்கள் காரில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.