மதகை அடைத்த பிறகும் ஓடும் தண்ணீர்: ராட்சத ரேடியோ கேலக்ஸி, கேள்வி பதில்

ரேடியோ அலைகளை ஏராளமாக வீசும் கேலக்ஸிகளான ரேடியோ கேலக்ஸிகள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லிவிட்டேன். கோபியிலிருந்து கரூர் வரை கேட்டுத் தள்ளிவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

ராட்சதன் என்றால் எவ்வளவு பெரிசுங்க? – கோபி

ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 23 லட்சம் ஒளியாண்டைத் தாண்டினால் ராட்சதன் என்று கணக்கு. நம் பால்வெளியின் அகலம் ஏறத்தாழ 1 லட்சம் ஒளியாண்டு, நீங்களே வகுத்துக் கொள்ளுங்கள். ஆனால் நட்சத்திரங்கள் இருக்கும் கேலக்ஸி அவ்வளவு பெரிசில்லை. அது நடுவில் ஒரு பொட்டு மாதிரிதான். இரண்டு பக்கமும் நீளுவது அது துப்பிய பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயு. 2024-இல் அறிவிக்கப்பட்ட போர்ஃபிரியான் என்ற ராட்சதன் 2.3 கோடி ஒளியாண்டு நீளம். பிரபஞ்சத்துக்கு 630 கோடி வயது இருந்தபோது அது எப்படி இருந்ததோ, அதைத்தான் இப்போது பார்க்கிறோம்.

தாரை, மடல் என்கிறீர்கள். படம் இல்லாமல் புரிகிற மாதிரி சொல்லுங்க அண்ணா. – அவிநாசி

பம்ப்செட் தொட்டியை நினைத்துக்கொள் தம்பி. குழாயிலிருந்து பாய்கிற தண்ணீர் எதிர்ச் சுவரில் மோதி, நுரைத்து, இரு பக்கமும் திரும்பி வருகிறதில்லையா? குழாய் இருக்கும் இடத்தில் கருந்துளை. அதைச் சுற்றிச் சுழன்று விழும் வாயுவும், அதன் காந்தப்புலமும் சேர்ந்து பிளாஸ்மாவை ஒளியின் வேகத்துக்கு நெருக்கமாக எறிகின்றன. அதுதான் தாரை. வெளியே இருக்கும் மெல்லிய வாயுவில் அது மோதி நிற்கும் பிரகாசமான இடம் மோதுமுனை. அங்கிருந்து பின்வாங்கிப் பரவுவது மடல்.

எல்லாத் தாரையும் சுவர் வரை போவதில்லை. சில பாதியிலேயே தடுமாறிப் புகை மாதிரி கலைந்துவிடும். இந்த இரண்டு வகையையும் 1974-இல் ஃபனராஃப், ரைலி இருவரும் பிரித்துக் காட்டினார்கள். ராட்சதர்களில் பெரும்பாலானவை மோதுமுனை உள்ள வகை.

இரட்டை மடல் என்பதை முதலில் கண்டதில் நம்மவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. 1953-இல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் ஆய்வகத்தில் சிக்னஸ் ஏ என்ற ரேடியோ கேலக்ஸியை அளந்த ஜென்னிசனுடன் வேலை பார்த்தவர் கல்கத்தாவின் தாஸ் குப்தா. அவர் பெயரை நம் பாடப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

படத்தில் ஒரு பக்கம் மட்டும் தாரை தெரிகிறதே? – பெருந்துறை

நம்மை நோக்கி வருவது பிரகாசமாகும், விலகிப் போவது மங்கும். அவ்வளவு வேகம். மடல்கள் மெதுவாக நகர்வதால் இரண்டுமே தெரிகின்றன.

தாரையை எறியும் கருந்துளை மிஷின் நின்றுவிட்டால் மடல் மறைந்துவிடுமா? – காங்கேயம்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பவானிசாகரில் மதகை அடைத்தால், 200 கிலோமீட்டர் தள்ளிக் கடைமடையில் தண்ணீர் அந்த நிமிஷமே நின்றுவிடுமா? நிற்காது. மதகு மூடிய சேதி கடைமடைக்குத் தண்ணீர் வடியும்போதுதான் தெரியும். இங்கேயும் அப்படித்தான். மோதுமுனை ஒளியின் வேகத்தில் இருபதில் ஒரு பங்கு வேகத்தில் முன்னேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ராட்சதனின் குறைந்தபட்ச அளவில் பாதி, அதாவது ஒரு பக்கத்துக்கு 11.5 லட்சம் ஒளியாண்டு. அதைக் கடக்க 2.3 கோடி வருஷம். நாம் பார்க்கும் மடல் பழைய தண்ணீர்.

மறுபடி மதகைத் திறந்தால்? பழைய ஜோடிக்கு உள்ளே புது ஜோடி மடல் முளைக்கும். 3சி 236 என்ற கேலக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் தொலைநோக்கி அதை ராட்சதன் என்று காட்டியது. வெளி மடல்கள் சுமார் 1.4 கோடி ஒளியாண்டுக்கு நீண்டு கிடக்க, நட்டநடுவில் சில ஆயிரம் ஒளியாண்டே உள்ள ஒரு குட்டி ஜோடி இருக்கிறது. தூங்கி எழுந்த கருந்துளை!

பழசு எது, புதுசு எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றும் இருவர் கேட்டீர்கள். காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்களில் ஆற்றல் அதிகம் உள்ளவைதான் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆக, வயசான மடல் உயர் அதிர்வெண்ணில் முதலில் மங்கும், தாழ் அதிர்வெண்ணில் கடைசி வரை தெரியும். ஐரோப்பாவின் லோஃபார், புனே பக்கம் 30 கிண்ணங்களோடு நிற்கும் ஜிஎம்ஆர்டி ஆகிய ரேடியோ தொலைநோக்கிகள் தாழ் அதிர்வெண்ணில் தேடியதால்தான் ராட்சதர்கள் இப்போது இத்தனை பேர் அகப்படுகிறார்கள்.

ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவில் ஒரு பெரிய ஆன்டெனா இருக்கிறதே, அதில் இதெல்லாம் தெரியுமா சார்? – மேட்டுப்பாளையம்

கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் முடிந்த வேலை அது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். சரிவு சுமார் 11 பாகை, ஊட்டியின் அட்சரேகையும் 11 பாகை. அதனால் ஆன்டெனாவின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே போதும், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஒரு பொருளைப் பின்தொடரலாம். நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது சிக்னல் குறையும் விதத்தை வைத்து அதன் உருவத்தைக் கணித்தார்கள். படம் பிடிப்பதற்காகக் கட்டியதல்ல, ஆனால் அந்த யோசனை எனக்கு இன்றும் அழகாகத்தான் படுகிறது.

நம் பால்வெளியின் கருந்துளையும் இப்படி அடிக்குமா? பயமா இருக்கு. – ஆறாம் வகுப்பு, தாராபுரம்

பயப்படாதே அம்மணி. அது 40 லட்சம் சூரிய எடைதான், இப்போது ஏறக்குறையப் பட்டினி. நிம்மதியாகத் தூங்கு.

பைனாகுலரில் ஏதாவது பார்க்க முடியுமா? – பொள்ளாச்சி

சென்டாரஸ் ஏ என்ற ரேடியோ கேலக்ஸி. ராட்சத அளவுக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி, 1.2 கோடி ஒளியாண்டில். மே நடுவில் இரவு பத்து மணிக்குத் தெற்கே பாருங்கள், தொடுவானத்துக்கு மேல் 36 பாகையில் இருக்கும். முதலில் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தைப் பிடித்து, அங்கிருந்து நாலைந்து பாகை வடக்கே ஏறுங்கள். கிடைப்பது ஒரு மங்கலான திட்டு. மடல்கள் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தால் முழுநிலா பதினாறை அடுக்கிய நீளம் இருக்கும். கோவை வெளிச்சத்தை விட்டு ஆனைமலைப் பக்கம் போய்ப் பாருங்கள், மேகம் வருவதற்குள்.