நன்றாக இருக்கும்போது பயாப்ஸி எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு நான்கு மாதங்களுக்கு முன் சென்னையில் இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறார். இங்கே எடுத்துப் பார்த்த எக்கோவிலும் (இதய ஸ்கேன்) குறை இல்லை. ஆனாலும் மறுபடி பயாப்ஸிக்கு (இதயத் தசைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) வரச் சொல்கிறார்கள். இந்த முறை தவிர்த்துவிடலாமா?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பதில்: தவிர்க்க வேண்டாம், சகோதரி. மாற்று இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. நோய் எதிர்ப்பு அணுக்கள் இதயத் தசைக்குள் புகுந்த பிறகும் சிறிது காலம் இதயம் வழக்கம்போலவே இயங்கும் என்பதால், எக்கோவில் பலவீனம் தென்படும் நேரத்தில் சேதம் முற்றியிருக்கக்கூடும். முதல் ஆறு மாதங்களில் இந்த ஆபத்து மிகுதி. அதன்பின் பரிசோதனைகளுக்கு இடையிலான இடைவெளி நீண்டுகொண்டே போகும்.

பயாப்ஸியில் பெரும்பாலும் கழுத்தின் வலப்பக்கத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அங்குள்ள இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை இதயத்தின் வலது கீழறைக்குச் செலுத்தி, ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள சில துணுக்குகளை எடுக்கிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்து, 2004-இல் திருத்தப்பட்ட உலகளாவிய அளவுகோலின்படி நிராகரிப்பின் தீவிரத்தை 0 முதல் 3 வரை தரம் பிரிக்கிறார்கள். அறிக்கையில் 1 என்றிருந்தால் கலங்க வேண்டாம். இதயம் நன்றாக இயங்கும்வரை அதற்குப் பெரும்பாலும் தனிச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. 2 அல்லது அதற்கு மேல் என்றால் வழக்கமாக ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் கொடுத்து அடக்குவார்கள். இரத்தக் கசிவு, வால்வில் காயம் போன்ற சிக்கல்கள் அரிதாக நேரலாம் என்றாலும், பார்க்காமல் விடுவதன் ஆபத்து அதைவிடப் பெரியது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உடல் இதயத்தை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவைப் பார்க்கும் இரத்தத்தை, அதன் இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டும். விடியற்காலைப் பேருந்தில் வெறும் வயிற்றோடு கிளம்புபவர்கள்கூட மாத்திரையை மட்டும் வழக்கம்போல விழுங்கிவிடுகிறார்கள். அளவு அதிகமாகத் தெரிய, மருந்தைத் தவறாகக் குறைக்க நேரிடுகிறது. அன்று மாத்திரையைக் கையில் எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்தவுடன் போட்டுக்கொள்ளட்டும். பம்பளிமாஸ் பழமும், கிளாரித்ரோமைசின் போன்ற ஆண்டிபயாட்டிக்குகளும் இம்மருந்தின் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வெகுவாக இறக்கிவிடும். ஆகவே சளி, காய்ச்சலுக்குக்கூட மருந்துக் கடையில் நேரடியாக வாங்க வேண்டாம்.

புதிய இதயத்தின் நரம்புகள் அறுபட்டிருப்பதால் நெஞ்சுவலி அவரை எச்சரிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. சில நாட்களிலேயே எடை கூடினாலும், கால் வீங்கினாலும், படுத்தால் மூச்சுத் திணறினாலும், படபடப்போ காய்ச்சலோ வந்தாலும், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே அறுவை செய்த மருத்துவமனையைத் தொலைபேசியில் அழையுங்கள்.