கோறைக் கிற்றாரும் கச்சான் காற்றும்: கேள்வி பதில்

உள்ளே கோறையான பழைய எலக்ட்ரிக் கிற்றார்கள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்த அளவில் பதில்.

கல்லடி: அப்பப்பா அறுபதுகளில் வாங்கிய கிப்சன். முகப்பில் சிலந்திவலை மாதிரிக் கோடுகள். மரம் வெடித்துவிட்டதா அண்ணன்?

பெரும்பாலும் இல்லைத் தம்பி. அந்தக் காலத்துக் கிப்சனுக்கு அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் லக்கர், ஒரு வகை வார்னிஷ். வருசம் போகப் போக அது இறுகிவிடும். மரமோ மாரியில் ஊதும், வெயிலில் சுருங்கும். அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் லக்கர் கோடு விடுகிறது. மாரி முழுக்க ஊறிக் கிடந்த வீட்டுக்குள் கச்சான், அந்த வறண்ட காற்று, அடித்தால் கேட்கவா வேண்டும்! எதற்கும் எஃப் வடிவத் துளைக்குள் டோர்ச் அடித்து, சின்னக் கண்ணாடி ஒன்றால் உள்பக்கம் பாருங்கள். அதே கோடு உள்ளேயும் தெரிந்தால்தான் கவலை. 1949இல் வந்த ஈஎஸ்-175 போன்ற கிப்சன் மொடல்களின் முகப்பு ஒட்டுப்பலகை, இலகுவில் வெடிக்காது. ஒற்றைப் பலகையில் செதுக்கியதென்றால் கூடுதல் கவனம் தேவை.

கல்முனை: தளபாடக் கடையில் புதிதாகப் பொலிஷ் அடித்துத் தருவார்களாம். கொடுக்கலாமா?

கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம். மஞ்சளித்த வெள்ளையும் கைபட்டுத் தேய்ந்த இடமும் அதன் வயது. சுரண்டினால் திரும்பி வராது, விலையும் விழும். பதினேழு வயதில் சான்ட் பேப்பரோடு உட்கார்ந்து ஒரு கிற்றாரைக் கெடுத்தவன் சொல்கிறேன்.

ஆரையம்பதி: கம்பிகளுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தகடு நொறுங்குகிறது, புளித்த மணம் வேறு. பக்கத்துப் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) மூடி மட்டும் களிம்பேறியிருக்கிறது. உப்புக்காற்றா?

உப்புக்காற்று பார்த்துப் பார்த்துப் பிடிக்காது அக்கா, எல்லா உலோகத்திலும் ஏறும். ஒரு பக்கம் மட்டும் என்றால் எனக்குத் தகட்டின் மேல்தான் சந்தேகம். அது செலுலோயிட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருக்கும். சிதையும்போது அமில ஆவி விட்டுப் பக்கத்து உலோகத்தை அரிக்கும். பெட்டியை மூடிவைத்தால் ஆவி வெளியே போக வழியில்லை, இன்னும் மோசம். வயதுதானே என்று விடக்கூடாதது இது ஒன்றுதான். இன்றைக்கே கழற்றி, காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குத் தூரமாக வையுங்கள். சட்டென்று தீப்பிடிக்கும் பொருள்.

அக்கரைப்பற்று: கம்பி மாற்றியதிலிருந்து சுருதி சேரவில்லை.

ஆறையும் ஒரேயடியாகக் கழற்றினீர்களா? இந்த வகையில் பலவற்றுக்குப் பிரிட்ஜ், அதாவது முகப்பில் கம்பிகளைத் தாங்கும் கட்டை, ஒட்டியிருக்காது, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். உங்களுடையது அரங்கியிருக்கும். 12ஆம் பிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அழுத்தி வரும் சுரமும், அங்கேயே விரலால் மெல்லத் தொட்டு வரும் ஒலியும் ஒன்றாகும்வரை நகர்த்துங்கள். இனி ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

திருக்கோவில்: ஈரத்துக்குப் பெட்டிக்குள் அரிசிப் பொட்டலம் வைக்கலாமா?

அரிசியைச் சோறாக்குங்கள். சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பதமானியும் போதும். 45 முதல் 55 வீதம் நல்லது என்பார்கள். நம் பக்கத்து மாரியில் 60க்குள் நின்றாலே எனக்குச் சந்தோசம். அப்புறம், ஸ்டாண்டில் நிறுத்துவதென்றால் ரப்பர் படும் இடத்தில் பழைய பருத்திச் சாரத்துண்டு சுற்றுங்கள். ரப்பர் அந்த லக்கரை இளக்கி ஒட்டிக்கொள்ளும்.