மெடிக்கல் கார்டும் மாநிலச் சட்டமும்: கேட்டவர்களுக்குப் பதில்

போன ஞாயிறு பினாங்கில், பிறை ஊர்க் கோயில் மண்டபத்தில் மருத்துவக் காப்புறுதி, அதாவது மெடிக்கல் கார்டு, பற்றிப் பேசினேன். நேரம் போதாமல் நிறையக் கேள்விகள் சீட்டிலேயே தங்கிவிட்டன. அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மருத்துவமனைக் கட்டணப் பிரிவில் 22 வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். ஏஜென்ட் இல்லை, யாருக்கும் கார்டு விற்கப் போவதுமில்லை.

பட்டர்வொர்த் அண்ணன் ஒருவர்: என் மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அங்கே காப்புறுதிக்கு மாநிலமே சட்டம் போடுகிறதாம். நீரிழிவுக்காரர்களுக்குக் கார்டு மறுக்கக் கூடாது என்று பினாங்கு சட்டமன்றமும் ஒரு சட்டம் போட்டால் என்ன?

போட முடியாது, அண்ணே. நம் மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை எந்த அதிகாரம் யாருக்கு என்று பிரித்து வைத்திருக்கிறது. காப்புறுதியும் மருத்துவமனைகளும் கூட்டரசுப் பட்டியலில், அதாவது மத்திய அரசின் பக்கம், போய்விட்டன. பொதுச் சுகாதாரமும் நோய்த் தடுப்பும் மட்டும் இரு தரப்புக்கும் பொதுவான பட்டியலில் இருக்கின்றன. நம் சட்டமன்றத்தில் எல்லோரும் ஒருமனதாகக் கை தூக்கினாலும் எந்தக் காப்புறுதி நிறுவனத்தையும் அது கட்டுப்படுத்தாது. அவர்களுக்கான சட்டம் 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம், கண்காணிப்பது நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா.

அதற்காக மாநிலத்துக்குக் கையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜொகூரும் கிளந்தானும் வேப் என்ற மின்சிகரெட் விற்பனையை நிறுத்தியது ஊராட்சி மன்ற லைசென்ஸ் அதிகாரத்தை வைத்துத்தான். சிலாங்கூர் 2017இல் வசதி குறைந்த குடும்பங்களின் கிளினிக் செலவுக்கு பெடுலி சிஹாட் கார்டு கொடுத்தது. நம் மாநில அரசும் டயாலிசிஸ் மையங்களுக்குப் பணம் போடுகிறது. சட்டம் போட முடியாத இடத்தில் செலவு செய்யலாம். வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வரும்போது கேட்க வேண்டியது அந்தச் செலவைப் பற்றித்தான்.

மகள் சொன்னதும் சரிதான். அமெரிக்காவில் 1945ஆம் ஆண்டுச் சட்டமொன்று காப்புறுதிக் கண்காணிப்பை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. கருத்தரிப்புச் சிகிச்சைக்கும் காப்பு தர வேண்டும் என்று நியூ ஜெர்சி சட்டம் போட்டது அப்படித்தான். ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. பெரிய நிறுவனங்கள் பல காப்புறுதி வாங்காமல், ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தங்கள் பணத்திலிருந்தே கொடுக்கின்றன. 1974ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தால் அந்தத் திட்டங்களுக்கு மாநிலத்தின் காப்புறுதி நிபந்தனைகள் ஒட்டாது. கார்டில் காப்புறுதி நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் அது வெறும் கணக்குப்பிள்ளையாக இருக்கலாம். புது மசோதா வருகிறது என்று மகள் மகிழ்வதற்கு முன், தன் திட்டம் எந்த வகை என்று அலுவலகத்தில் கேட்கட்டும். நோய் இருப்பதைக் காட்டி ஆளைத் தள்ளக் கூடாது என்பது அங்கே 2014 முதல் நாடு முழுவதற்கும் உள்ள சட்டம். நம் நாட்டில் இன்னும் அது இல்லை.

ஆயர் ஈத்தாமிலிருந்து: அப்பாவின் பிரிமியம் ஒரேயடியாக ஏறிவிட்டது. கார்டை நிறுத்திவிட்டு வேறு வாங்கலாமா?

புதுசு கையில் வராமல் பழசை விடாதீர்கள், தம்பி. புதுக் கார்டு என்றால் உடல்நிலை பற்றிய கேள்விகள் மறுபடி முதலிலிருந்து. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தால் அங்கேயே கதவு சாத்தப்படும்.

2024 டிசம்பரில் பேங்க் நெகாரா ஒரு தற்காலிக ஏற்பாட்டை அறிவித்தது. கிளேம் செலவு கூடியதால் வரும் ஏற்றத்தை ஒரே ஆண்டில் தலையில் கட்டாமல் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும். இது 2026 இறுதி வரை. பரப்புவதுதான், ரத்து அல்ல. அப்பாவின் பிரிமியம் அப்படிப் பரப்பப்பட்டதா, அவருக்கு மாற்றுத் திட்டம் உண்டா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

ஜெலுத்தோங்: கோ-பேமெண்ட் கார்டு மலிவாக இருக்கிறதே, ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. பில்லில் ஒரு பங்கு உங்களுடையது, அதனால்தான் மலிவு. 2024 செப்டம்பர் முதல் நிறுவனங்கள் இந்த வகையில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும்: குறைந்தது 5 விழுக்காடு, அல்லது 500 வெள்ளி நோயாளி போடுவது. 30,000 வெள்ளி பில் என்றால் 5 விழுக்காடு 1,500. அவசரச் சிகிச்சைக்கும், புற்றுநோய், டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சைக்கும், அரசு மருத்துவமனைக்கும் இந்தப் பங்கு கிடையாது. எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உங்கள் பங்குக்கு உச்ச வரம்பு எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தொகை எப்போதும் கையில் இருக்கும் வீட்டுக்கு இது நல்ல கார்டு. சம்பளத் தேதிக்கு முந்தின வாரம் தடுமாறுகிற வீட்டுக்கு வேண்டாம்.

நிபோங் திபால் அம்மா: கார்டு வாங்கி மூன்றாம் மாதம் பித்தப்பையில் கல். கிளேம் இல்லை என்றுவிட்டார்கள். ஏஜென்ட் 'இன்றிலிருந்தே கவர்' என்றாரே!

அந்த வார்த்தையைக் கட்டண மேசையில் எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன் தெரியுமா? முதல் நாளிலிருந்து கவர் என்பது விபத்துக்கு. சாதாரண நோய்க்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். கல், குடலிறக்கம், மூலம், இதய நோய், நீரிழிவு போன்றவை வழக்கமாக 120 நாள் பட்டியலில் இருக்கும். உங்கள் பாலிசியிலும் அப்படியே எழுதியிருந்தால் முறையீட்டில் ஜெயிப்பது கடினம், அம்மா. சும்மா நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏஜென்ட் எழுத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் விஷயம் வேறு. வாட்ஸ்அப்பில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் முதலில் நிறுவனத்திடம் புகார். அவர்களுடைய இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் ஃபைனான்ஷியல் மார்க்கெட்ஸ் ஒம்பட்ஸ்மன் சர்வீஸ் என்ற அமைப்புக்குப் போகலாம். நமக்குச் செலவில்லை, வழக்குரைஞரும் தேவையில்லை.

லிட்டில் இந்தியா உணவகத்தில் வேலை செய்யும் தம்பி: தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் நான். ஜி.எச். என்கிற அரசு மருத்துவமனையில் எனக்கும் ஒரு வெள்ளிதானா?

இல்லை தம்பி, அது குடிமக்களுக்கான கட்டணம். வெளிநாட்டவருக்குப் பில் பல மடங்கு. உன் பெர்மிட்டோடு ஸ்பிக்பா என்ற மருத்துவமனைக் காப்புறுதி இருக்க வேண்டும். அது அரசு மருத்துவமனையில் படுத்தால் உதவும். காய்ச்சலுக்குக் கிளினிக் போனால் உதவாது. வேலையில் கை வெட்டுப்பட்டாலோ எண்ணெய் கொட்டினாலோ அதற்குத் தொழிலாளர் பாதுகாப்புத் திட்டமான சொக்சோ, 2019 முதல் உங்களுக்கும் உண்டு. இரண்டின் நகலையும் முதலாளியிடம் கேட்டு வாங்கி போனில் படம் எடுத்து வைத்துக்கொள்.

இன்னொரு சீட்டு: கார்டுக்குக் கட்டும் பிரிமியத்துக்கு வரிக் கழிவு உண்டா?

2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் 4,000 வெள்ளி வரை, கல்விக் காப்புறுதியும் சேர்த்து.

பாகான் டாலாமிலிருந்து: அம்மாவுக்கு 72. எந்த நிறுவனமும் எடுக்கவில்லை.

பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள், இந்த வயதில் அலையவும் வேண்டாம். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு கிளினிக்கிலும் ஜி.எச். சிறப்பு மருத்துவரிடமும் மிகக் குறைந்த செலவில் பார்க்கலாம் என்ற ஏற்பாடு அவருக்கு எந்தக் கார்டையும் விடப் பெரிது. காத்திருப்பு நீளம், அது உண்மை. பி40, அதாவது வருமானம் குறைந்த 40 விழுக்காட்டுக் குடும்பமாக இருந்தால், பெக்கா பி40 என்ற அரசுத் திட்டம் வழியாக இலவசப் பரிசோதனையும் உண்டு. போகும்போது பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களையும், சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.