இறக்கையையும் சேர்த்து எடுங்கள்: மலர் ஈக்கள் பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் மலர் ஈக்களை அடையாளம் காண்பதையும் படம் எடுப்பதையும் பற்றியவை. சிர்ஃபிட் ஈ, ஹோவர்ஃப்ளை என்றெல்லாம் சொல்வது இவற்றைத்தான். உலகில் சுமார் 6,000 இனங்கள் இதுவரை அறியப்பட்டிருக்கின்றன.

பூவில் இருப்பது தேனீயா, குளவியா, மலர் ஈயா என்று பார்த்தவுடன் எப்படிச் சொல்வது?

இறக்கைகளை எண்ணச் சொல்வார்கள். ஈக்கு 2, தேனீக்கும் குளவிக்கும் 4. உண்மைதான். ஆனால் தேனீ பறக்கும்போது அதன் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் சின்னஞ்சிறு கொக்கிகளால் கோத்துக்கொண்டு ஒரே இறக்கை போலத் தெரியும். பூவின் முன்னால் நின்றுகொண்டு அதை எண்ண முடியாது.

நான் முதலில் தலையைப் பார்ப்பேன். மலர் ஈயின் தலையில் பெரும்பகுதி கண்தான். உணர்கொம்புகள் குட்டையாக, மூக்கு நுனியில் ஒட்டிவைத்த இரண்டு பொட்டுகள் போல இருக்கும். தேனீக்கும் குளவிக்கும் அவை நீளமாக, மடங்கித் தெரியும். (குளவியைப் போலவே நீண்ட உணர்கொம்பு வைத்திருக்கும் மலர் ஈக்களும் உண்டு, ஆனால் அவை குறைவு.) அடுத்தது இடுப்பு. குளவிக்கு ஒடுங்கிய இடுப்பு, ஈக்கு அப்படி இல்லை. அப்புறம் பின்னங்கால். வேலைக்காரத் தேனீயின் பின்னங்காலில் மகரந்தம் சுமக்கும் தட்டையான கூடை இருக்கும், ஈயின் காலில் இருக்காது.

மிதப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நீண்ட உறிஞ்சியை நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கும் வேறு ஈக் குடும்பமும் இருக்கிறது. ஐயமே வேண்டாம் என்றால் இறக்கையின் நடுப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த நரம்போடும் முறையாக இணையாமல், பாதியில் நின்றுபோகும் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அதைப் பொய் நரம்பு என்கிறோம். ஏறக்குறைய எல்லா மலர் ஈக்களுக்கும் அது உண்டு.

கொட்டுமா?

கொட்டாது. கொடுக்கே கிடையாது. மஞ்சளும் கருப்புமான பட்டை வெறும் வேடம். கொட்டும் பூச்சி என்று நினைத்துப் பறவைகள் விலகிப்போகும். ஆபத்தில்லாத உயிர் ஆபத்தான உயிரின் தோற்றத்தைக் கொள்ளும் இந்த உத்தியை இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862இல் அமேசான் காட்டுப் பட்டாம்பூச்சிகளைக் கொண்டு விளக்கினார்.

பூச்சியின் பெயர் சொல்லும் செயலியில் படத்தைப் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் வருகிறது. எதை நம்புவது?

பெயரை விடுங்கள், உங்கள் படத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். முகத்தை மட்டும் காட்டும் அழகான படத்தை வைத்து இனம் சொல்வது பெரும்பாலும் முடியாது. முதல் வருடம் நான் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் பெயரில்லாமலே கிடக்கின்றன. எல்லாமே முகம். இப்போது ஒரே ஈயை நேர் மேலிருந்து, பக்கவாட்டில், முன்னாலிருந்து என்று மூன்று கோணத்தில் எடுக்கிறேன். மேலிருந்து வயிற்றின் பட்டைகளும் இறக்கை நரம்பும் கிடைக்கும். பக்கவாட்டில் காலின் நிறமும் தொடையின் பருமனும் தெரியும். முன்னாலிருந்து முகத்தின் நிறமும் கண்ணில் முடி இருக்கிறதா என்பதும் தெரியும். ஒரே ஒரு படம்தான் வாய்க்கும் என்றால் மேலிருந்து எடுங்கள், இறக்கை விரிந்திருக்கட்டும்.

தேனீயை அப்படியே உரித்துவைத்தது போல இருக்கும் எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ் என்ற மலர் ஈயைப் பாருங்கள். அதன் இறக்கையில் ஒரு நரம்பு ஆழமாகக் கீழே தொங்கி வளைந்து மேலேறும். கண்ணில் மேலிருந்து கீழாக அடர்ந்த முடிப்பட்டை ஓடும். இந்த இரண்டும் படத்தில் விழுந்துவிட்டால் பெயர் சொல்லிவிடலாம். அதே வளைவோடு கண்ணில் புள்ளியோ வண்ணக் கோடோ இருந்தால் எரிஸ்டாலினஸ் பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) தேடுங்கள். எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ் என்ற இனம் இன்னும் எளிது. ஆரஞ்சு வயிற்றில் ஒரு தடித்த கருப்புப் பட்டை, அதை ஒட்டி ஒரு மெல்லிய பட்டை என்று ஜோடியாக வரும். ஆனால் இந்தப் பட்டைகளின் அகலம் நிலையானதல்ல. குளிரில் வளர்ந்தவை கருமை கூடியும், வெயில் காலத்தில் வளர்ந்தவை வெளுத்தும் இருக்கும். இரண்டையும் வேறு இனம் என்று நினைத்துக் குழம்புபவர்கள் நிறைய.

சில பேரினங்களில் படம் போதாது. ஸ்ஃபேரோஃபோரியாவில் பல இனங்களைப் பிரிக்க ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். அங்கே பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உயிரினப் படங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்களில் பேரினம் வரை மட்டும் பதிவதற்கு இடமிருக்கிறது. ஊகித்துச் சொன்ன இனப்பெயரைவிட உறுதியான பேரினப்பெயர் ஆய்வாளர்களுக்கு உதவும். தேதி, இடம், எந்தச் செடியில் இருந்தது என்பதையும் கட்டாயம் எழுதி வையுங்கள்.

ஆண், பெண் எப்படித் தெரியும்?

கண்களைப் பாருங்கள். பெரும்பாலான இனங்களில் ஆணின் கண்கள் உச்சந்தலையில் ஒன்றையொன்று தொடும், பெண்ணுக்கு நடுவே இடைவெளி இருக்கும். தொடாத ஆண்கள் சில பேரினங்களில் உண்டு.

அந்தரத்தில் மிதக்கும்போது எடுக்க முடியவே இல்லை. கேமராவில் என்ன அமைப்பு வைக்க வேண்டும்?

அமைப்பைவிடப் பொறுமைதான் முதலில். மிதந்துகொண்டு இடத்தைக் காவல் காப்பது பெரும்பாலும் ஆண். விரட்டினால் விலகும், ஆனால் கொஞ்ச நேரத்தில் அதே இடத்துக்கு வந்து நிற்கும். அதனால் துரத்தாதீர்கள். அந்த இடத்தில் கையால் ஃபோகஸ் செய்து வைத்து, அசையாமல் காத்திருங்கள். வந்ததும் உடலை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்து, கண் கூர்மையாகும் நொடியில் தொடர்ச்சியாக நான்கைந்து படம் தட்டுங்கள்.

உடல் அசையாமல் நிற்பதால் 1/500 நொடி ஷட்டர் வேகத்திலேயே தெளிவாக விழும். இறக்கை மட்டும் கலங்கித் தெரியும், எனக்கு அது பிடிக்கும். இறக்கையும் நிற்க வேண்டும் என்றால் 1/2000க்கு மேல் போகவேண்டும், அதுவும் போதாமல் போகலாம். ஃபிளாஷைக் குறைந்த சக்தியில் வைத்தால் ஒளி மிகக் குறுகிய நேரமே பாயும், இறக்கையை நிறுத்துவது அதுதான். ஃபிளாஷின் முன்னால் வெள்ளைத் துணியோ தாளோ கட்டி ஒளியைப் பரப்புங்கள். இல்லாவிட்டால் வழவழப்பான வயிற்றில் வெள்ளைத் திட்டு விழுந்து பட்டையே மறைந்துவிடும்.

உட்கார்ந்திருப்பவற்றுக்கு லென்ஸ் துளை எஃப்/8 முதல் எஃப்/11 வரை போதும். உயிரளவு நெருக்கத்தில் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ.தான் என்பதால் துளையை இன்னும் சுருக்கி எஃப்/22 வரை போகத் தோன்றும். போனால் படம் முழுக்க மங்கிவிடும்.

என்னிடம் கைபேசி மட்டும்தான் இருக்கிறது.

போதும். காலையில், குளிர் விலகும் முன் போங்கள். ஈக்கள் மந்தமாக இருக்கும், நெருங்க விடும். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளி நின்று திரையைப் பெரிதாக்குவதைவிடக் கிளிப் லென்ஸ் மாட்டி நெருங்குவது நல்லது.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் அசையாதாமே?

செய்யாதீர்கள். மரத்துப்போன பூச்சி காலை இயல்பாக ஊன்றி நிற்காது, அது படத்திலும் தெரியும். நேரம் தவறினால் செத்துப்போகும். காலைக் குளிர் இதே வேலையை அதற்குத் துன்பமில்லாமல் செய்துதருகிறது.

ரோஜாச் செடியில் அசுவினிகளுக்கு நடுவே காலில்லாத, பச்சையான புழு ஒன்று. மருந்து அடிக்கலாமா?

அடிக்காதீர்கள்! தலைப்பக்கம் ஒடுங்கி, பின்பக்கம் பருத்து, உள்ளே குடல் தெரிகிற மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் மலர் ஈயின் புழு. அசுவினியைக் கவ்வி, மேலே தூக்கிப் பிடித்து, தோல் மட்டும் மிஞ்சும் வரை உறிஞ்சிவிடும். வளர்ந்து முடிப்பதற்குள் ஒரே புழு நூற்றுக்கணக்கில் தின்றுவிடும். (எல்லாப் புழுக்களும் இப்படியல்ல. எரிஸ்டாலிஸின் புழு அழுக்குத் தண்ணீரில், வால் போன்ற நீண்ட மூச்சுக்குழலை மேலே நீட்டிக்கொண்டு வாழும்.)

சில நாளில் அது இலையிலேயே ஒட்டிக்கொண்டு நீர்த்துளி வடிவக் கூட்டுப்புழுவாகும். அந்த இலையை மட்டும் கிள்ளி, வாயில் மெல்லிய துணி கட்டிய பாட்டிலில் நிழலில் வையுங்கள். வெளியே வரும் ஈ முதலில் வெளுத்து, இறக்கை சுருங்கி இருக்கும். பட்டைகள் கறுத்து இறக்கை விரியும் வரை காத்திருந்து, மேலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டு, அதே செடியின் பக்கத்தில் திறந்துவிடுங்கள்.