ஒத்த மதகா, ரெட்ட மதகா?

அன்புள்ள ஐயா,

கோபி பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு சோசியல் என்றாலே மனப்பாடம்தான். குடிமையியல் வந்தால் பாதி வகுப்பு தூங்குகிறது. ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, அதில் போடத்தான் ஒன்றும் இல்லை. நல்ல வீடியோ, பிபிடி, புத்தகப் பட்டியல் தர முடியுமா? மதுரை, தஞ்சாவூர் மாதிரி நம் பக்கம் சொல்லிக்கொள்ளும்படி வரலாறும் இல்லை. உள்ளூர்க் கதையைத் தொட்டால் சாதிப் பேச்சு வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

கோபி என்று பார்த்ததும் எனக்கு வந்தது பொறாமை. நீங்கள் வாய்க்கால் தண்ணீர் முதலில் வரும் தலைமடை. நான் காங்கேயம் தாண்டி, அது கடைசியில் வந்து சேரும் கடைமடைக்காரன். போன வாரம் கீழ்பவானி வாய்க்கால் கரையோரமாக வண்டியில் வந்தேன். அன்றிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்றில் உங்கள் கடிதம் வந்து விழுந்தது.

முதலில் திட்டிவிடுகிறேன். "வரலாறு இல்லை" என்று எழுதிய கையை நீட்டுங்கள், ஸ்கேலால் ஒன்று வைக்க வேண்டும். சென்னிமலைக்கு அந்தப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல் கிடக்கிறது. இரும்பு உருக்கிய உலையும், மணி செய்த கல்லும், தமிழி எழுத்தில் ஆள் பெயர் கீறிய பானை ஓடும் எடுத்த ஊர். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள். கரூர் போகிற வழியில் புகழூர் மலைக் குகையில் சேர அரசர் மூன்று தலைமுறையின் பெயர் வெட்டியிருக்கிறது. உங்கள் பள்ளியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் வீடு வந்து சேரலாம். இதற்குமேல் என்ன சொல்லிக்கொள்ள வேண்டும்?

வீடியோ, பிபிடி எனக்குத் தெரியாது. போர்டில் படம் ஓடினால் பிள்ளைகள் இன்னும் சுகமாகத் தூங்குவார்கள். விடுங்கள்.

குடிமையியலுக்கு வருகிறேன். நான் எட்டாவது படிக்கும்போது எங்களுக்கு ஒரு சோசியல் சார். வேட்டியில் சாக்பீஸ் தூள் ஒட்டாத நாளே கிடையாது. ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏஞ்சாமி, உங்க காட்டுக்குத் தண்ணி ஒத்த மதகா, ரெட்ட மதகா?" வகுப்பே எழுந்துவிட்டது. ஒத்த மதகுப் பையன்கள் சன்னல் பக்கம், ரெட்ட மதகு கதவுப் பக்கம். அடிதடி வராத குறை. இந்த வருசம் யாருக்கு நெல், யாருக்குக் கடலை, ராத்திரி மடையை உடைத்தது எவன் என்று எல்லாம் வெளியே வந்தது. எங்கள் அப்பாரு லாந்தரும் மண்வெட்டியுமாக மதகடியில் விடிய விடியக் காவல் கிடந்தது எதற்கென்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

பவானிசாகர் அணை 1955இல் முடிந்தது. அதிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்கால், 2,07,000 ஏக்கர் பாசனம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கத் தண்ணீர் கிடையாது. அதனால் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, ஒரு பாதிக்கு நஞ்சை, அது முடிந்தபின் மறுபாதிக்குப் புஞ்சை, அடுத்த வருசம் மாற்றி. இவர்கள் எல்லாருக்கும் முன்னால் பழைய பாசனம்: 13ஆம் நூற்றாண்டுக் காலிங்கராயன் வாய்க்கால், உங்கள் பக்கத்துத் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள். மூத்தவனுக்கு முதல் உரிமை. ஏன் அப்படி, தண்ணீர் குறைந்த வருசம் யார் விட்டுக்கொடுப்பது, யார் முடிவு செய்வது? இதைக் கேட்டுவிட்டு அடிப்படை உரிமைகள் பாடத்தைத் திறந்து பாருங்கள், எவன் தூங்குகிறான் என்று.

இப்போது வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா என்று ஊர் இரண்டாகிக் கிடக்கிறதே, அதைக் காட்டிலும் என்ன துணைக்கருவி வேண்டும்? போடாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராது என்கிறான் ஒருவன். கசிவு நின்றால் என் கிணறு செத்தது என்கிறான் இன்னொருவன். இரண்டும் நிஜம். இரண்டு கட்சிப் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். எதிர்க்கட்சியின் வாதத்தை அவனவனே எழுதிக்கொண்டு வரட்டும். தீர்ப்பு மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். டீச்சர் எந்தப் பக்கம் என்று ராத்திரிக்குள் ஊருக்குப் போய்விடும்.

பட்டியல் கேட்டிருந்தீர்கள். ஒன்று சொல்கிறேன். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. 1949 செப்டம்பரில் மொழி விவாதத்தில் கோயமுத்தூர்க்காரர் டி.ஏ. இராமலிங்கம் செட்டியார் பேசியதை எடுத்துத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியமும் அந்தச் சபையில் உறுப்பினர். சட்டம் எழுதிய இடத்தில் நம்ம பக்கத்து ஆளும் இருந்தார் என்று தெரிந்தால் போதும், மீதியைப் பிள்ளைகளே நோண்டிக்கொள்வார்கள்.

சாதிப் பேச்சு வந்துவிடுமோ என்கிறீர்கள். வரும். அன்றைக்கும் வந்தது. சன்னல் பக்கமும் போகாமல் கதவுப் பக்கமும் போகாமல் ஒருவன் நடுவில் நின்றான். சார், "நீ எந்த மதகுடா?" என்றார். "எங்களுக்குக் காடு இல்லீங்க சார். எங்கய்யன் ரெண்டு மதகுலயும் தண்ணி கட்டுவாருங்க" என்றான். வகுப்பு சத்தமில்லாமல் ஆனது. சார், "செரி, உக்காரு" என்றார். பிறகு திரும்பிக் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நல்ல மனுசன். இன்றைக்கும் அவர்மேல் எனக்குப் பிரியம்தான். ஆனால் அந்த முதுகு மறக்க மாட்டேன் என்கிறது. எந்த மதகில் பாசி அடைக்கும், ராத்திரி எத்தனை மணிக்கு எந்த வயலுக்குத் தண்ணீர் எட்டும் என்று அந்த வகுப்பில் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவனை முன்னால் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டிருக்கலாம்.

உங்கள் வகுப்பிலும் ஒருவனோ ஒருத்தியோ நடுவில் நிற்பார்கள். போர்டு பக்கம் திரும்பாதீர்கள் டீச்சர். ஆகஸ்டில் தண்ணீர் திறந்ததும் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.